கம்பத்தில் ஆள்

மேல்தொட்டி வழிகிற சத்தம் கேட்கிறது. வழியட்டும். கொல்லையில் இருக்கிற இரண்டு நீல டிரம்மும் நிறைகிறவரை மோட்டாரை நிறுத்தக்கூடாது. மூன்று மணிக்குக் கரண்டை நிறுத்திவிடுவோம், புயல் கரையைக் கடந்து லைனெல்லாம் பார்த்த பிறகுதான் கொடுப்போம் என்று காலையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். இப்போது மணி இரண்டேகால். முக்கால் மணி நேரம். அதற்குள் என்னென்ன முடியும்? மாவு அரைத்தாயிற்று. தேங்காய் அரைக்க வேண்டாம், கெட்டுப்போகும், பொட்டுக்கடலையைப் பொடித்து டப்பாவில் போட்டாயிற்று. போன் இரண்டும் நூறு காட்டுகிறது. எமர்ஜென்சி விளக்கில் ஒன்று ஏறிவிட்டது, இன்னொன்றில் சிவப்பு விளக்கு இன்னும் மினுங்குகிறது. தீப்பெட்டியை அரிசி டிரம்முக்குள் போட்டேன், போனமுறை ஈரத்தில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. கொல்லைக் கூரையின் ஷீட்டைக் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் மணல்மூட்டை வைத்தேன். மாத்திரை பதினைந்து நாளைக்கு இருக்கிறது. எல்லாம் செய்துவிட்டேன், ஆனாலும் எதையோ மறந்தமாதிரி நெஞ்சுக்குள் ஒரு குடைச்சல். மறக்கவில்லை தமயந்தி, உனக்கே தெரியும். சொல்லாமல் வைத்திருக்கிறாய், அதுதான் குடைகிறது. இரண்டரைக்கு வண்டி வரும். வந்து வாசலில் நிற்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்குத் தெரியப்போகிறது.

உள் அறையிலிருந்து மெஷின் சத்தம். ர்ர்ர், டுஸ். ர்ர்ர், டுஸ். இரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம்தான், அடுப்படியில் நின்றாலும் குளியலறையில் இருந்தாலும் ஒரு காது அதில்தான் இருக்கும். பஞ்சு மாதிரி இருக்கவேண்டிய நுரையீரல் தேன்கூடு மாதிரி இறுகிப்போய்விட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அன்றிலிருந்து காற்றைப் பிரித்து ஆக்சிஜன் கொடுக்கிற இந்த மெஷின், மூக்கில் இரண்டு துளை வைத்த குழாய், எட்டு மீட்டர் நீளம். கட்டிலிலிருந்து கூடம்வரை வருவார், வாசற்படி எட்டாது. முப்பத்திரண்டு வருடம் மின்சார வாரியத்தில் லைன்மேன். இந்த வட்டாரத்தில் அவர் ஏறாத கம்பம் இல்லை. அந்த மனிதருக்கு இப்போது கரண்ட் இருந்தால்தான் மூச்சு. இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசு, இரண்டரை என்று வை. பெரிய சிலிண்டர் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறது, அது பன்னிரண்டு மணி நேரம். ஆகப் பதினாலரை. எப்படிக் கூட்டினாலும் பதினாலரைதான் வருகிறது. நேற்று ராத்திரி திருச்சியிலிருந்து மகள் இளவேனில் அழுதாள், இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு அம்மா என்று. மூன்று மணி நேரக் கார்ப் பயணம், வழியில் ஒரு மரம் விழுந்தால்? ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப்பார்த்தேன். வார்டில் சளிக்காய்ச்சல் கேஸ் நிறைய, இவருக்குத் தொற்றினால் அதுவே ஆபத்து, வீட்டில் ஏற்பாடு செய்ய முடிந்தால் அதுதான் நல்லது என்றார் டாக்டர். வீட்டில் ஏற்பாடு. பதினாலரை மணி நேரம். போன புயலுக்கு எங்கள் தெருவில் கரண்ட் வந்தது இருபத்துமூன்றாவது நாள்.

அந்த இருபத்துமூன்று நாளும் அவர் வீட்டில் இருந்ததே அபூர்வம். ஊர் ஊராகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இளவேனிலும் அடிபம்பில் தண்ணீர் அடித்து, சேற்றில் விறகு பொறுக்கி, ஒன்பதாம் நாள் அவர் வந்தபோது கை முழுக்கக் கொப்புளம் எங்களுக்கும் அவருக்கும். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டார், சோற்றில் கையை வைத்தபடியே. மறுநாள் விடியலில் போய்விட்டார். கூட வைரக்கண்ணு. வைரக்கண்ணுவும் லைன்மேன்தான், இவரைவிட எட்டு வயது சின்னவர், என்னை அக்கா என்பார், எங்கள் வீட்டில் ரசம் வைத்தால் டம்ளரில் வாங்கிக் குடிப்பார். பதினோராம் நாள் மத்தியானம் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத்தான் கட்டினார்கள், எவரோ ஒருவர் வீட்டில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பிளக்கில் சொருகி வீட்டு வயரிங் முழுக்கக் கொடுத்திருக்கிறார், மெயினை நிறுத்தவில்லை, அந்தக் கரண்ட் வீட்டைத் தாண்டி மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் பின்வழியாக ஏறி, டிரான்ஸ்பார்மருக்குள் போய்ப் பல மடங்காகி, அங்கே கம்பத்தின் மேலே வைரக்கண்ணு. இதெல்லாம் பிறகு இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்த சேதி, லைன்மேன் ஒருத்தர் போய்விட்டார் என்பது மட்டும்தான். யார் என்று தெரியாமல் நான் ஓடிய ஓட்டம். ரேஷன் கடைப் பக்கம் யாரோ, வைரக்கண்ணுதாம்மா, உன் வீட்டுக்காரர் இல்லை என்றார்கள். அப்போது எனக்குள் ஒன்று குளிர்ந்தது. சந்தோஷம்தான் அது, வேறு என்ன பேர் வைப்பது? ஒரு நொடி, இரண்டு நொடி. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வைரக்கண்ணு வீட்டு வாசலில் அவர் மனைவி அஞ்சம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா, என் வீட்டுக்காரரக் கீழயே எறக்க மாட்டேங்கிறாங்கக்கா என்று கதறினாள். அவள் முகம் என் தோளில் பதிந்திருக்க, அந்த இரண்டு நொடி என் வயிற்றுக்குள் கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இவரிடமும்தான். அன்றைக்கு வந்து இவர் சொன்னது ஒன்றே ஒன்று, இந்த வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் வரக்கூடாது. ஏழு வருடமாயிற்று, அந்தப் பேச்சு மாறவில்லை.

வண்டி வந்துவிட்டது. குட்டியானை வேனின் பின்கதவைத் தட்டித் திறக்கிற சத்தம், இரண்டு பேர் இரும்பைப் பிடித்து இறக்கும்போது விடுகிற மூச்சு. எங்க வைக்கிறதும்மா என்று ஒருவர் கேட்கிறார். நான் உள்ளே பார்க்காமல் கொல்லையைக் காட்டினேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. குழாய் தரையில் இழுபடுகிற சத்தம். கூடத்தின் கடைசிவரை வந்து, குழாய் இறுகுகிற இடத்தில் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்ல நேற்றிலிருந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது, தோள் ஏறி இறங்கியது.

"பதினாலரை மணி நேரந்தாங்க. அதுக்கப்புறம் நான் என்ன செய்யிறது? சொல்லுங்க. உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவா?"

"தமயந்தி..."

"நீங்க வைரக்கண்ணு தம்பிக்காக வேணாம்னீங்க. ஏழு வருஷம் நானும் வாயத் தொறக்கல. இப்ப எனக்காக வேணும்."

என் குரல் இப்படி உயருமா? இறக்க வந்த இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் கண்ணை மூடினார். மூடியபடியே நாலு மூச்சு விட்டார், நான் எண்ணினேன். திறந்தபோது என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிக் கொல்லையிலிருந்த அந்த மஞ்சள் நிற இரும்பைப் பார்த்தார், புது ஆளை வேலைக்கு எடுக்கும்போது பார்க்கிற பார்வை. "அங்க வேணாம். சன்னலுக்கு நேரா வச்சா... பொக பூரா உள்ள வரும். அந்தப் பொக மணக்காது... தூங்குறவன அப்படியே கொண்டுட்டுப் போயிடும். பாத்ரூம் தாண்டி... மதில் ஓரமா வைக்கச் சொல்லு. பொக வர்ற வாய் காத்துப் போற பக்கம் பாக்கணும்." இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நின்று நின்று சொன்னார். வீட்டு வயரிங்கில் கொடுக்கக்கூடாது, நீள வயரை ஜெனரேட்டரிலிருந்து நேராக மெஷினுக்கு இழு, வேறு எதற்கும் கிடையாது, ஃபேன் கிடையாது, விளக்கு கிடையாது. மீட்டர் பெட்டியைத் திற. மெயினை இறக்கு. இறக்கினால் மட்டும் போதாது, ஃபியூஸ் இருக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கு. வெள்ளைப் பீங்கான் கட்டை, கையில் வழுக்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன், டக்கென்று வந்துவிட்டது. மணி இரண்டு ஐம்பது. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் பாதியில் நின்றது, தெரு முழுக்க ஒரே அடியாக மௌனம். ஜெனரேட்டர் கயிற்றை நாலுதரம் இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது, ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடிவந்தேன். ர்ர்ர், டுஸ். அவர் மூக்குக்குழாயைச் சரிசெய்துகொண்டு, "சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார். என்னிடம் இருபது லிட்டர். மூன்று மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்தி, அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்வெர்ட்டரைக் கொடுத்தால்? இன்வெர்ட்டரை எதை வைத்து ஏற்றுவது? மறுபடி கணக்குப் போடுகிறேன், மறுபடி அங்கேயே வந்து முட்டுகிறேன். நாலு மணிக்குக் காற்று மாறியது. கடல் பக்கமிருந்து வந்தது, தென்னை எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன, மழை படுக்கையாகப் பெய்தது. கார்த்திகை மாதத்து நாலரை மணி, ஏழு மணிபோல இருட்டு. எங்கேயோ படாரென்று ஒரு சத்தம், தெரு முனையில். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன், ரேஷன் கடைக்குப் பக்கத்து வாகை மரத்தின் கிளை ஒன்று கம்பியோடு சேர்ந்து ரோட்டின் குறுக்கே தொங்குகிறது. முகாமுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் அந்தப்பக்கமே நின்று ஹாரன் அடிக்கிறது. கம்பி அறுந்தாயிற்று, இன்னும் புயல் வரவேகூட இல்லை. இருபத்துமூன்று நாள். இருபது லிட்டர். அவருடைய நகத்தைப் பார்க்கிறேன், நீலம் ஓடியிருக்கிறதா, இல்லை, இந்த வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகத்தான் தெரிகிறது. விரலில் மாட்டுகிற கருவி தொண்ணூற்றொன்று காட்டுகிறது. தொண்ணூற்றொன்று நல்லதுதான். அவர் திடீரென்று கையை உயர்த்தினார். பேசாதே என்கிற மாதிரி. நான் பேசவே இல்லையே.

"அது நம்மது இல்ல," என்றார்.

எது என்று கேட்டேன். காது கொடுத்துக் கேள் என்றார். எங்கள் ஜெனரேட்டரின் சத்தத்துக்கு அப்பால், காற்றுக்கு நடுவில், இன்னொன்று. புதிதாக, இப்போதுதான் தொடங்கியிருக்க வேண்டும். நாலாவது வீடு, சதீஷ் வீடு, அவன் மனைவி பவானி போன மாதம்தான் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். குழந்தைக்காக எங்கேயோ வாங்கி வைத்திருக்கிறார்கள்போல. இருக்கட்டுமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "திணறுது பாரு. ஒரு வீட்டு லைட்டுக்கு... அப்படித் திணறாது. தெருவ இழுக்குது. வெளிய பாரு." வாசல் சன்னலைத் திறந்தேன், மழை முகத்தில் அடித்தது. தெரு இருட்டு. எதிர்வீடு பூட்டியிருக்கிறது, கோயம்புத்தூர் போய் ஒரு வாரமாகிறது. அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் குண்டு பல்பு எரிகிறது. எரிகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளே கம்பி மட்டும் சிவப்பாக, அடுப்பில் அணையப்போகிற கரிபோல. ஊருக்கே கரண்ட் இல்லை. ஆளே இல்லாத வீட்டில் விளக்கு. அதோடு தெரு முனையில் வேறொரு வெளிச்சம் அசைந்தது, டார்ச். மஞ்சள் மழைக்கோட்டு மூன்று, மின்வாரிய ஆட்கள். வேனுக்கு வழிவிடத் தொங்குகிற கம்பியை வெட்டப்போகிறார்கள்போல, கம்பத்தில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பியபோது அவர் எழுந்து நின்றிருந்தார். செல்போனைக் காதில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்து, "டவர் இல்ல," என்றார். மூக்கிலிருந்து குழாயைக் கழற்றக் கை போய்விட்டது. கையைப் பிடித்தேன். எலும்பும் நரம்புமாக அந்தக் கை, இன்னும் என்ன பலம் அதில். விடுங்க, நான் போறேன் என்றேன். போறேன் என்று சொல்லிவிட்டேன், கால் நகரவில்லை. நான் போய் வருவதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டால்? சிலிண்டரைத் திறக்க அவரால் முடியுமா? முடியும், முடிந்திருக்கிறது, ஆனால் இருட்டில்? யாரோ ஒருத்தன், பேர் தெரியாது, முகம் தெரியாது, ஏறட்டும் ஏறாமல் போகட்டும், எனக்கு இருப்பது இவர் ஒருத்தர். இப்படித்தானே நினைக்கிறேன்? ஆமாம், இப்படித்தான் நினைக்கிறேன். அதே குளிர். அதே இடம். யார் வீட்டிலோ ஒருத்தி அடுப்படியில் நின்று, அவர் இன்னும் வரவில்லையே என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிலிண்டர் சாவியை அவர் கையில் திணித்தேன், எமர்ஜென்சி விளக்கை மடியில் வைத்தேன், ஓடினேன்.

தெருவில் கணுக்கால் தண்ணீர். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. முனையைப் பார்த்து, ஏறாதீங்க, ஏறாதீங்க என்று கத்தினேன். என் குரல் என் வாயிலிருந்தே போகவில்லை, காற்று திருப்பி எனக்குள்ளேயே தள்ளியது. அங்கே போவதற்குள் ஏறிவிடுவான், சதீஷ் வீடுதான் பக்கம். கேட்டைப் பிடித்து உலுக்கினேன். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். "என்னத்தை, மாமாவுக்கு ஏதும்...?"

"ஜெனரேட்டர நிறுத்து."

"கொழந்த இருக்கு அத்தை..."

"நிறுத்துய்யா மொதல்ல! கரண்ட் தெருக் கம்பிக்குப் போகுது. கம்பத்துல ஆள் ஏறுறாங்க."

"இல்லத்தை, மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தான் போட்டேன்." அவன் பொய் சொல்லவில்லை, முகத்திலேயே தெரிந்தது. கூடத்திலிருந்த பெட்டியைக் காட்டினான், அதில் ஒரு சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. சரி என்று திரும்பிவிடலாமா? அவனும் படித்த பிள்ளை. நான் அடுப்படிக்காரி, எனக்கு என்ன தெரியும்? அங்கே அவர் தனியாக. ஒரு அடி வெளியே வைத்தேன். எதிரே, பூட்டிய வீட்டின் பல்பு இன்னும் சிவந்து கிடந்தது. அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். "அப்ப அது எப்படி எரியுது? சொல்லு. அந்த வீட்ல யாரு இருக்கா?" அவன் பார்த்தான். ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது. பின்பக்கம் ஓடினான். ஜெனரேட்டர் இருமி நின்றது. வீடு இருண்டது, உள்ளே குழந்தை வீரிட்டது, எதிர்வீட்டுப் பல்பு அணைந்தது, எல்லாம் ஒரே நேரத்தில். வெளிச்சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது உண்மையான மெயின், துருப்பிடித்த பெட்டி, அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சேலைத் தலைப்பெல்லாம் நனைந்திருந்தது, அவன் தலைத்துண்டின் காய்ந்த பக்கத்தை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு மெயினை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். "இப்ப போட்டுக்க. ஒன் வீட்ல லைட்டு எரியும், கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. இந்தக் கட்டைய மட்டும் கரண்ட் வந்து ஊரே எரியிற வரைக்கும் சொருகாத." அவன் தலையை ஆட்டினான். பவானி குழந்தையோடு வந்து, உள்ள வாங்கத்தை, நனையிறீங்களே என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குத்தான் ஓடவேண்டும். எங்கள் ஜெனரேட்டரின் சத்தம் வருகிறதா, காற்றில் வருகிறமாதிரியும் இருக்கிறது, வராதமாதிரியும் இருக்கிறது. கால் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. முனையில் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று ஏணியில் பாதி உயரத்தில் இருந்தது. முகாம் வேன் விளக்கைப் போட்டு அவனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்த வீட்டிலாவது ஜெனரேட்டர் இருந்தால்? நான் கேட்காத ஒன்று, எனக்குத் தெரியாத ஒன்று? தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். இருட்டு, இருட்டு, இருட்டு. சதீஷ் வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது, சன்னலில் வெளிச்சம் வந்தது, எதிர்வீட்டைப் பார்த்தேன், இருட்டு. அவன் உச்சிக்குப் போய்விட்டான். இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றினான். கட்டர் வைத்த கையை நீட்டினான், கம்பியைத் தொடப்போகிறான், நான் கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று இருந்தது. தொட்டான். கம்பி அறுந்து சாட்டைபோலத் தண்ணீரில் விழுந்தது, கிளையும் சரிந்தது, கீழே நின்றவர்கள் ஏதோ கத்தி இழுத்தார்கள். அவன் நிதானமாகப் பெல்ட்டைக் கழற்றினான். ஒரு படி, இன்னொரு படி. என்ன மெதுவாக இறங்குகிறான். காலைத் தண்ணீரில் வைத்தபோதுதான் முகம் தெரிந்தது, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்துவிட்டான்.

"ஏம்மா மழையில நிக்கிறீங்க? கரண்ட் இப்பத்திக்கு வராதும்மா. வீட்டுக்குப் போங்க."

சரிப்பா என்றேன். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது, மழையில் அவனுக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு ஓடினேன், செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது, போகட்டும். கதவைத் தள்ளினேன். ர்ர்ர், டுஸ். கட்டிலில் இல்லை அவர், வாசலுக்கு எவ்வளவு பக்கமாக வர முடியுமோ அவ்வளவு பக்கம் வந்து, குழாய் விறைத்து நிற்க, தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் விளக்கு, கையில் சாவி. என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறுனவன்... எறங்கிட்டானா?"

"எறங்கிட்டான்," என்றேன். "நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."